குசினியும் செபமும்
சகோதரர் லோறன்ஸ்: ஒரு மறுவாசிப்பு

கிறிஸ்தவ பக்தி நூல்களிடையே குசினிக்குள்ளிருந்து பிறந்தவை என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அவற்றுள் பிரசித்தமானது, பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடமொன்றில் சமையற்காரராகவும் பின்னர் செருப்புத் தைப்பவராகவும் இருந்த சகோதரர் லோறன்ஸின் பேச்சுக்களும் கடிதங்களும் அடங்கிய சிறு நூல். கடவுளின் பிரசன்னத்தில் வாழப் பழகுதல் என்ற பொருள்படும் தலைப்பில் அது உலகமெங்கும் வாசிக்கப்படுகிறது. ஒரு ஞாயிறு மத்தியானத்தில் வாசித்து முடித்துவிடலாம்.

புலம்பெயர்ந்த சூழலில் எம்மவர் கூடும் பூசைகளிலும் செபக்கூட்டங்களிலும் இந்த மனிதரின் பெயரை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்லப்படுவது எப்போதும் ஒரே மாதிரியானது. அவர் சட்டி கழுவிக்கொண்டே கடவுளோடு பேசினார். நீங்களும் கோப்பை கழுவுகிறீர்கள். ஆகவே முறுமுறுக்காமல் கழுவுங்கள், வேலையே செபம். பிரசங்கம் முடிந்ததும் நாம் வேலைக்குப் போகிறோம். ஞாயிறு மாலைதான் ரெஸ்ரோறன்றுகளில் கூட்டம் அதிகம்.

இந்த வாசிப்பு நூலுக்கும் நியாயம் செய்யவில்லை, கோப்பை கழுவுகிறவனுக்கும் நியாயம் செய்யவில்லை என்பதே எமது கட்சி. பத்து வருடங்களுக்கு மேலாகக் குசினிகளில் நிற்கிறவர்கள் என்ற வகையில் இந்நூலைப் பற்றிப் பேச எமக்கு ஓரளவு உரிமை உண்டு என்றும் நினைக்கிறோம்.

1

முதலில் மனிதரைப் பார்ப்போம். இயற்பெயர் நிக்கோலா ஏர்மன். 1614ஆம் ஆண்டளவில் லொறேன் பிரதேசத்தில், லூனெவில் நகருக்கு அண்மித்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். லொறேன் அப்போது பிரான்ஸ் அல்ல. அது தனியான ஒரு சிற்றரசு. முப்பதாண்டுப் போரில் எல்லாப் படைகளும் அதன்மீது நடந்து போயின. 1633இல் பிரெஞ்சு மன்னன் பதின்மூன்றாம் லூயியின் படை அதன் தலைநகரான நான்சியைப் பிடித்தது. நிக்கோலா சிப்பாயாகப் போனார். ஜெர்மன் படையொன்று அவரை உளவாளி என்று பிடித்து, தூக்கிலிடப்போவதாக மிரட்டியது. தப்பினார். பின்னர் ரொம்பேர்வில்லே என்ற இடத்தில் சுவீடன் படையினரோடு நடந்த சண்டையில் காயப்பட்டார். கால் ஊனம் சாகும்வரை தொடர்ந்தது.

பிறகு பாரிசுக்கு வந்து ஒரு பெரிய மனிதரின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். தொட்டதையெல்லாம் உடைக்கிற முரட்டு ஆள் என்று தன்னைப்பற்றித் தானே பின்னாளில் சொல்லிக்கொண்டவர். 1640இல், இருபத்தாறு வயதளவில், வோஜிறார் தெருவில் இருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, படிப்பில்லாதவர்கள் சேரும் துறவறச் சகோதரராக. பதினைந்து வருடமளவில் குசினி. காலில் புண் வைத்தபின் இருந்துகொண்டு செய்யக்கூடிய செருப்பு வேலை. 1691 பெப்ரவரி 12இல் இறந்தார்.

இந்த விபரங்களை ஒருமுறை நிதானமாக அடுக்கிப் பாருங்கள். சொந்த நாடு பறிபோன இளைஞன். ஆயுதம் தூக்கியவன். பிடிபட்டு, உளவாளி என்று சந்தேகிக்கப்பட்டவன். காயம்பட்டவன். தன் நாட்டைப் பிடித்த அரசின் தலைநகருக்கே வந்து அங்கே ஒரு குசினியில் நின்றவன். லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் நாலு பேரை விசாரித்தால் இந்தக் கதையை நாலு விதமாகக் கேட்கலாம். ஆனால் எந்தப் பிரசங்கத்திலும் நாம் இதைக் கேட்டதில்லை. அங்கே வருவதெல்லாம் போர் இல்லாத, நாடு இல்லாத, சிரித்த முகமுள்ள ஒரு சமையற்காரர்.

2

லோறன்ஸ் நூல் எழுதியவர் அல்லர். கடிதங்கள் எழுதினார், பதினாறு எஞ்சியிருக்கின்றன. ஆன்மீகக் குறிப்புகள் சில இருந்தன. அவரது பேச்சுக்களைப் பதிந்தவர் ஜோசப் து போபோர் என்ற குரு. பின்னாளில் பாரிசின் பேராயரான நோவாயின் குருமுதல்வராக இருந்தவர். முதலாவது உரையாடல் 1666 ஓகஸ்ட் 3இல் நடந்தது. நூல்களாக வந்தவை லோறன்ஸ் இறந்தபின், 1692இலும் 1694இலும். அதாவது சமையற்காரரின் குரலை நாம் கேட்பது ஒரு உயர்பதவிக் குருவின் பேனா வழியாக. எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் அவர். போபோரை இதற்காகக் குறைசொல்ல முடியாது. அவர் இல்லாவிட்டால் லோறன்சே இல்லை. எனினும் எழுதியவர் எங்கே நின்றார் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

லோறன்ஸ் சொல்லும் செபமுறை மிக எளிமையானது. தியான முறைகளைப் பற்றிய நூல்கள் அவரைக் குழப்பின. அவற்றை விட்டுவிட்டு, கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஒரே நினைவை நாள்முழுதும் பிடித்துக்கொள்ளப் பழகினார். நினைவு நழுவினால் மனத்தைத் திட்டாமல் திரும்பக் கொண்டுவருவார். செபநேரம் வேறு, வேலைநேரம் வேறு என்ற பிரிவை அவர் ஏற்கவில்லை. குசினிச் சத்தத்தில் பலபேர் ஒரே நேரத்தில் பலதையும் கேட்டு நிற்கும்போதும், முழங்காலில் நிற்கிற அமைதியோடு தன்னால் இருக்கமுடிகிறது என்கிறார். சட்டியில் முட்டைப் பொரியலைத் திருப்பிப் போடுவதும் அவருக்கு ஒரு காணிக்கை.

இதிலே உண்மை இருக்கிறது. படித்தவர்களுக்கும் ஓய்வுள்ளவர்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த ஆழ்ந்த செபத்தை, நேரமில்லாத மனிதனின் கைக்குக் கொண்டுவந்தது இந்த நூல். தனியறை இல்லாதவன், ஒரே அறையில் ஆறுபேரோடு முறைவைத்துப் படுக்கிறவன், எங்கே போய் முழங்காலில் நிற்பது? லோறன்ஸ் அவனுக்குச் சொல்கிறார்: நிற்கிற இடத்திலேயே தொடங்கு. இதை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பிரசங்கிகள் தாண்டிப் போகிற இரண்டு செய்திகள் அதே நூலில் இருக்கின்றன. ஒன்று, அவருக்குக் குசினி வேலையில் இயல்பாகவே பெரும் வெறுப்பு இருந்தது. இரண்டு, மடத்தின் முதற் பத்து வருடங்கள் அவருக்கு மனவேதனையிலேயே கழிந்தன. அதில் நாலு வருடம் தான் நரகத்துக்கே போகிறவன் என்று உறுதியாக நம்பியிருந்தார். யாராலும் அந்த எண்ணத்தை மாற்றமுடியவில்லை. அமைதி அதற்குப் பிறகு வந்தது. ஆகவே 'சட்டி கழுவிக்கொண்டே சந்தோஷமாக இருந்தார்' என்பது கதையின் பின்பாதி மாத்திரமே. முன்பாதியை மறைத்து, வந்த முதல் மாதமே ஒருவனிடம் பின்பாதியைக் கேட்பது அநியாயம்.

3

லோறன்ஸின் மனமாற்றம் ஒரு மரத்திலிருந்து தொடங்கியது. பதினெட்டு வயதில், குளிர்காலத்தில், இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் சிறிது காலத்தில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தார். கடவுளின் வல்லமையும் பராமரிப்பும் அந்தக் கணத்தில் மனதில் பதிந்தன. அந்தப் பதிவு பிறகு அழியவேயில்லை என்கிறார். ஆண்டு 1632 அளவில் இருக்கவேண்டும்.

அதே லொறேனில், நான்சி நகரத்தில், ஜாக் கலோ என்ற செதுக்கோவியர் வாழ்ந்தார். 1633இல் அவர் 'போரின் பெருந்துயரங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் பதினெட்டுச் சித்திரங்களை வெளியிட்டார். அவற்றுள் மிகவும் அறியப்பட்ட ஒன்றில் நடுவே ஒரு பெருமரம். அதன் கிளைகளில், கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களின் உடல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அடியில் ஒரு குரு சிலுவையை உயர்த்தி, ஏணியில் நிற்கிற அடுத்தவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே வருடம், இரண்டு மரங்கள். லோறன்ஸ் இரண்டாவது மரத்தையும் அறிந்தவர். அவரையே தூக்கிலிடப் பார்த்தார்கள். ஆனால் உரையாடல்களில் முதலாவது மரம் மட்டுமே நிற்கிறது. பிடிபட்டதையும் காயப்பட்டதையும் போபோர் தமது நினைவுரையில் சொல்லியிராவிட்டால் நாம் அறிந்திருக்கவே மாட்டோம். போர் இந்தச் செபத்துக்குள் எந்தக் கேள்வியாகவும் நுழையவில்லை. கடிதமொன்றில், படையில் இருக்கிற ஒரு இளைஞனுக்கு, அணிவகுத்துப் போகும்போதும் கையில் வாளோடு நிற்கும்போதும் இருதயத்தைக் கடவுளிடம் சிறிது உயர்த்தினால் போதும் என்கிறார். வாளுக்கு மறுமுனையில் நிற்கிறவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போருக்குள்ளிருந்து வந்தவர்களாகிய எம்மால் இந்த இடத்தைத் தாண்டிப் போகமுடியவில்லை.

இவரைப் போலியானவர் என்று நாம் சொல்லவரவில்லை. மௌனம் சிலருக்குக் காயத்தின் மேல் வளர்ந்த தோல். எமது தகப்பன்மார் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் தனிப்பட்ட மௌனத்தை எல்லோருக்குமான செபமுறையாக ஆக்குவது வேறு விடயம்.

4

சிமோன் வெய் என்ற பாரிஸ்காரப் பெண்ணை இந்த இடத்தில் நினைக்கிறோம். தத்துவ ஆசிரியையான அவர் 1934 கடைசியிலிருந்து 1935 வரை தொழிற்சாலைகளில் கூலியாக வேலைசெய்து பார்த்தார். பின்னாளில், கவனமே செபத்தின் சாரம் என்று எழுதியவரும் அவரே. ஆனால் தொழிற்சாலையில் அவர் கண்டது என்ன? வேகமும் கட்டளையும் மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது அந்தக் கவனத்தைத்தான் என்பதை. துண்டுகளை எண்ணி எண்ணிச் சம்பளம் கொடுக்கிற இடத்தில் சிந்திப்பதே வலியாகிறது.

லோறன்ஸின் குசினியில் சத்தம் இருந்தது, வேலையும் கூடுதலாகவே இருந்தது. ஆனால் மணி அடித்தால் செபத்துக்குப் போகலாம். படுக்கவும் உண்ணவும் இடம் நிச்சயம். விசா முடிகிற திகதி இல்லை. முக்கியமாக, கால் புண்ணானபோது மடத்தார் அவரைக் குசினியிலிருந்து எடுத்து இருந்த வேலைக்கு மாற்றினார்கள். நாம் அறிந்த குசினிகளில் காலில் புண் வந்தவனுக்கு நடப்பது வேறு. கையில் காசு, பதிவில் பெயரில்லை, நாளைக்கு வரவேண்டாம்.

'வேலையே செபம்' என்ற வாக்கியம் மடத்துக்குள் ஒரு பொருளும், பதிவில்லாத வேலைத்தலத்தில் இன்னொரு பொருளும் கொள்கிறது. பின்னதில் அது முதலாளிக்கு இலவசமாகக் கிடைத்த மேற்பார்வையாளன். வேதாகமமே இதில் பிரசங்கிகளைவிடத் தெளிவாயிருக்கிறது. யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், வயலறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது. கூலி செபிக்கிறது! வேலையைச் செபமாக்கச் சொல்கிற எவரும் இந்தச் செபத்தையும் கூடவே படிப்பிக்கவேண்டும்.

இந்நூலுக்குத் திருச்சபைக்குள்ளேயே சிக்கல் வந்தது. கடவுளின் முன் மனிதன் எதையும் விரும்பாமல், தன் மீட்பைக்கூட விரும்பாமல் சும்மா இருக்கலாமா என்ற வாதம் அன்று பெரிதாக நடந்தது. பெனலோன் ஆயரின் நூலிலிருந்து 23 கூற்றுக்களை 1699இல் பாப்பரசர் கண்டித்தார். தமது பக்கத்துக்கு லோறன்சையும் சாட்சியாக அழைத்தவர் பெனலோன். அதன்பின் பிரான்சில் இந்நூலின்மீது சந்தேகம் விழுந்தது; புரட்டஸ்தாந்தர்கள்தான் அதைக் காப்பாற்றினார்கள். மெதடிஸ்த சபையின் ஜோன் வெஸ்லி அதைத் தமது நூல்வரிசையில் சேர்த்தார். லோறன்ஸ் அந்தக் கண்டனத்துக்கு உரியவர் அல்லர் என்பதே எமது அபிப்பிராயம். ஆயினும் அன்று எழுப்பப்பட்ட கேள்வி சரியான கேள்வி.

5

அமைதியாக உணர்வது கடவுளிடமிருந்து வந்ததா என்று எப்படி அறிவது? லோறன்ஸிடம் இதற்கு விரிவான பதில் இல்லை. இன்னொரு முடவனிடம் இருக்கிறது.

இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக்குண்டு பட்டுக் கால் முறிந்தவர். படுக்கையில் கிடந்தபோது, வீரதீரக் கனவுகள் தரும் சந்தோஷம் சற்றுநேரத்தில் வறண்டுபோவதையும், கிறிஸ்துவைப் பற்றி வாசித்தது தந்த சந்தோஷம் நிலைத்து நிற்பதையும் கவனித்தார். அவ்வளவுதான் தொடக்கம். அதிலிருந்து அவர் எழுதிய விதிகள் மிக நடைமுறையானவை. மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இனிமையாக வருகிற எண்ணத்தையும் நம்பிவிடாதே. அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார். தீயது ஒளியின் வேடத்திலும் வரும். 1534 ஓகஸ்ட் 15இல் அவரும் தோழர்களும் வார்த்தைப்பாடு எடுத்தது மொன்மாத்தர் குன்றில். லாச்சப்பலிலிருந்து நடந்து போகலாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? எம்மோடு ஒரே அறையில் இருந்த ஒருவருக்கு அகதி விண்ணப்ப நிராகரிப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதத் தவணை. ஒரு செபக்கூட்டத்தில் தலையில் கைவைத்து, 'கார்ட் கிடைத்தாயிற்று, ஆண்டவர் காட்டிவிட்டார், வக்கீலிடம் ஓடுவது அவிசுவாசம்' என்றார்கள். அவர் அழுதார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக நித்திரை கொண்டார். மூன்று கிழமை அமைதியாக இருந்தார். தவணை போயிற்று. பிறகு நாலு வருடம் பொலிசைக் கண்டால் தெருவை மாற்றி நடந்தார். தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், விசுவாசம் போதாமல் போய்விட்டது என்று அவர்மேலேயே பழியைப் போட்டார்கள்.

அந்த மூன்று கிழமை அமைதியை லோறன்ஸின் நூலால் மட்டும் கேள்வி கேட்க முடியாது. அதை வைத்து இன்னும் உறுதிப்படுத்தத்தான் முடியும். இஞ்ஞாசியாரின் விதிகளால் கேட்கலாம்: இது எங்கே தொடங்கியது, யாருடைய ஆசையில்? எதைச் செய்யவேண்டாம் என்கிறது? முடிவில் யாரைத் தனியே விடுகிறது? பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும் என்ற ஒழுங்கை வைக்கிறார். நிதானிப்பதற்கு எவருக்கும் இடம் தராத கூட்டம் வேதாகமத்தின்படியே குறையுள்ள கூட்டம்.

அதே நிருபத்தில், ஆவியின் வரங்களுள் ஒன்றைத் தமிழ் வேதாகமம் 'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்கிறது. எம்மிடையே பகுத்தறிவு என்றால் கடவுளை மறுக்கிறவர்களின் சொத்து என்று ஒரு எண்ணம். பெரியாரின் வாசகர்களும் எமது செபக்கூட்டத்தாரும் இந்த ஒரு விடயத்திலாவது ஒத்துப்போகிறார்கள். ஆனால் சொல் இருதரப்புக்கும் பொதுவாகக் கிடக்கிறது. பகுத்தறிவதும் செபத்தின் ஒரு பாகம் என்று அந்த மொழிபெயர்ப்பே சொல்லித்தருகிறது.

6

லோறன்ஸின் பக்கங்களில் வேதாகம வசனங்கள் அதிகம் இல்லை. மடத்தில் நாள்தோறும் சங்கீதங்கள் ஓதப்பட்டன. அவருக்கு அது காற்றுப்போல இருந்திருக்கும். எமக்கு அப்படியல்ல. அந்நிய மொழியில் நாள்முழுதும் கட்டளை கேட்டு வருகிறவனுக்குச் சொந்த மொழியில் ஒரு சொல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக ஆறுமுக நாவலரே வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தார். அது 1850இல் வெளியாயிற்று. சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்து தேடிய தமிழ் அது. அந்த முயற்சிகளின் வழியாக எமக்குக் கிடைத்த வேதாகமத்தில் ஒரு புத்தகத்தின் பெயரே 'புலம்பல்'. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி கிடையாது. நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதம் அகதிகளின் பாட்டு. அதன் தொடக்கத்தை எல்லோரும் பாடுகிறார்கள். முடிவில் வருகிற பழிவாங்கும் வேண்டுதலைக் கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை விட்டுவிட்டது.

அதை நாம் வாசிக்கவேண்டும். 1995 யூலை 9இல் நவாலி சென். பீற்றர்ஸ் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மேல் விமானப்படை குண்டுபோட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மண்ணிலிருந்து வந்தவன் கடவுளின் பிரசன்னத்தில் நிற்கும்போது எதைக் கொண்டுவருவான்? இனிமையான நினைவுகளையா? அந்தக் கோபத்தை வெளியே செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்கிற செபம் அவனைப் பாதி மனிதனாகவே உள்ளே எடுக்கிறது. கோபத்தோடு உள்ளே வந்து, அதைக் கடவுள் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, பிறகு அதன் தொடக்கத்தையும் முடிவையும் பகுத்தறிந்து பார்க்கிறவனுக்கு, பழியின் பாதையிலிருந்து திரும்பவும் ஒரு வழி கிடைக்கக்கூடும். சொல்லாமல் அடக்கியவனுக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே லோறன்ஸை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. இலங்கையிலிருந்து வந்த எந்தக் கத்தோலிக்கனுக்கும், புரட்டஸ்தாந்தனுக்கும், வேதமே வேண்டாம் என்று விட்டவனுக்கும் இந்நூலைச் சிபார்சு செய்வோம். ஆனால் போபோரின் நினைவுரையிலிருந்து தொடங்குங்கள். முதலில் போர், பிறகு இருண்ட பத்து வருடம், பிறகு முட்டைப் பொரியல். பக்கத்தில் சங்கீதங்கள் திறந்திருக்கட்டும். வாசித்ததை நிதானித்துப் பேச இரண்டு மூன்று பேர் இருக்கட்டும்; நல்ல வக்கீல் ஒருவரின் விலாசமும் இருக்கட்டும். கோப்பை கழுவுகிறவனுக்கு இந்நூலைப் பரிசளிக்கிறவர்கள் இன்னொரு பிரதியை அவனது முதலாளிக்கும் கொடுக்கலாம். காலில் புண் வந்த சமையற்காரனுக்கு அந்த மடத்தார் என்ன செய்தார்கள் என்பது அவருக்கும் தெரியவேண்டிய ஆன்மீகம்தான்.